1891-ஆம் ஆண்டும் நம் நாடக மேடையும்

தமிழகத்தை விட்டு வடபுலத்தில் வந்து குடியேறிய தமிழர்கள் எந்த ஊரில் சங்கம் அமைத்தாலும், ஆண்டிற்கு ஒருமுறை நாடக விழா நடத்தாமல் இருப்பதில்லை. அவ்விழாவின் நிகழ்ச்சி நிரலைப் புரட்டினால் மூன்று வகை நாடகங்கள் பெரும்பாலும் தென்படும். சென்னையிலிருந்து வந்த குழுவின் நகைச்சுவை நாடகம் ஒன்று. பாட்டும் ஆட்டமும் கலந்த புராண நாடகம் ஒன்று. பெயர் பெற்ற நாவலையோ வேற்றுமொழி நாடகத்தையோ தழுவி அமைத்தது ஒன்று. அரங்கு நிறைகிறது. ஆயினும் விழா முடிந்தபின் தேநீர்க் கோப்பையும் கையுமாக நிற்கும் பெரியவர்களிடையே ஒரு முணுமுணுப்பு எழாமல் இருப்பதில்லை. 'நாடகமா இது? துணுக்குத் தோரணம்! அதைவிட்டால் இரவல் கதை, வடக்கத்தி மெட்டு. இயல், இசை, நாடகம் என்று முத்தமிழ் வளர்த்த இனம் இப்படியா ஆகவேண்டும்?' என்பதே அதன் சாரம்.

இம்முணுமுணுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. இதைச் சொல்பவர்கள் தமிழ்ப்பற்று மிக்கவர்கள். சங்கத்தின் நிதியை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்யும் இடத்திலும் இருப்பவர்கள். ஆனால் நகைச்சுவையும் இசையும் தழுவலும் நம் மேடைக்குப் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்ட அழுக்குகள் என்று அவர்கள் கருதுவது வரலாற்றோடு பொருந்துவதாக இல்லை. இன்று நாம் தமிழ் நாடகம் என்று எதை அழைக்கிறோமோ, அது பிறந்ததே இம்மூன்றின் கூட்டில்தான். அப்பிறப்பிற்கு ஏறத்தாழ ஓர் ஆண்டையும் குறிப்பிட்டுச் சொல்லிவிடலாம். அது 1891.

அவ்வாண்டில்தான் 'மனோன்மணீயம்' அச்சேறி வெளிவந்தது. அதன் ஆசிரியர் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1855-இல் ஆலப்புழையில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் தத்துவம் கற்பித்தவர். அதாவது, நம்மைப் போலவே தமிழகத்தின் எல்லைக்கு வெளியே வாழ்ந்து தமிழை வளர்த்தவர். 'மனோன்மணீயம்' மேடைக்கென எழுந்ததன்று. ஆசிரியப்பாவில் அமைந்த, படித்து இன்புறுதற்குரிய நாடகம். அதன் கதைக்கு மூலம் எது? லிட்டன் பிரபு என்னும் ஆங்கில ஆசிரியர் எழுதிய 'இரகசிய வழி' என்ற கதை. நாடகத்தினுள் ஒரு கிளைக்கதையாக வரும் 'சிவகாமி சரிதம்' கோல்ட்ஸ்மித்தின் 'துறவி' என்ற ஆங்கிலக் கவிதையின் தழுவல். ஆங்கிலக் கதையைப் பாண்டிய நாட்டில் கொண்டுவந்து நிறுத்தி, அதற்குத் தமிழ்த் தெய்வ வணக்கம் பாடித் தொடங்கினார் சுந்தரம் பிள்ளை. அவ்வணக்கத்தின் பகுதியைத்தான் தமிழக அரசு 1970-இல் அரசு விழாக்களில் பாடவேண்டிய தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. 2021-இல் மாநிலப் பாடல் என்றும் அறிவித்தது. நம் சங்கங்களின் விழாக்களிலும் அனைவரும் எழுந்து நின்று அதனையே பாடுகிறோம். தழுவல் நாடகத்தைக் குறைகூறும் அன்பரும், விழாத் தொடக்கத்தில் ஒரு தழுவல் நாடகத்தின் பாயிரத்திற்கே எழுந்து நின்று வணக்கம் செலுத்தியிருக்கிறார் என்பதை அவருக்கு யாரேனும் மெல்ல எடுத்துரைத்தால் நலம்.

அதே 1891-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சென்னையில் சுகுண விலாச சபை தொடங்கப்பெற்றது. அதனைத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் பம்மல் சம்பந்த முதலியார். 1873-இல் பிறந்த அவருக்கு அப்போது வயது பதினெட்டு. தமிழ் நாடகம் என்றாலே அவருக்கு அதுவரை இளக்காரம். தெருக்கூத்தும், விடிய விடிய நடக்கும் கம்பெனி நாடகமும் அவர் மனத்திற்கு உகந்தனவாயில்லை. பல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த ஒரு தெலுங்குக் குழுவினர் நாடகம் நடத்தினர். அக்குழுவில் நடித்தவர்கள் கல்வி கற்றவர்கள். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அவர்களுள் இருந்தனர். தெலுங்கில் இயன்றது தமிழில் ஏன் இயலாது என்ற வினா அந்த இளைஞரின் உள்ளத்தில் எழுந்தது. சுகுண விலாச சபை அவ்வினாவின் விடை. தமிழ்நாட்டின் முதல் பெரிய 'அமெச்சூர்' நாடக சபைக்கு வித்திட்டது ஒரு தெலுங்கு நாடகம் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

சம்பந்தனார் எழுதிய நாடகங்கள் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் தழுவல்களின் பட்டியலைப் பார்த்தாலே மனிதர் எவ்வளவு நுட்பமாக இப்பணியைச் செய்தார் என்பது விளங்கும். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் அவர் கையில் 'அமலாதித்யன்' ஆனான். மாக்பெத் 'மகபதி' ஆனான். சிம்பலைன் 'சிம்ஹளநாதன்' ஆனான். வெனிஸ் நகரத்து வணிகன் 'வாணீபுர வணிகன்' ஆனான். மூலப் பெயரின் ஒலி காதில் நிற்கவேண்டும். அதே வேளையில் நம் ஊர்ப் பெயராகவும் ஒலிக்கவேண்டும். வெனிஸை வாணீபுரம் ஆக்கியதில் உள்ள குறும்பை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புன்னகை தோன்றும். 'அஸ் யூ லைக் இட்' என்பதற்கு 'விரும்பிய விதமே' என்று அவர் இட்ட பெயரைக் காட்டிலும் பொருத்தமான பெயரை இன்றும் காண்பது அரிது. பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் ஸ்காப்பின் 'காளப்பன் கள்ளத்தன'த்தில் நம் காளப்பனாக வந்து நின்றான். வடமொழியிலிருந்து காளிதாசனையும் அவர் விட்டுவைக்கவில்லை.

இவற்றோடு அவர் செய்த மற்றொரு காரியம், சிரிப்புக்கு மேடையில் ஒரு தனி ஆசனம் இட்டது. கம்பெனி நாடகங்களில் நகைச்சுவை பபூன் என்னும் ஒரு பாத்திரத்தின் பொறுப்பு. கதைக்கும் அவனுக்கும் பெரும்பாலும் தொடர்பு இராது. ராஜா அழுதுகொண்டிருக்கும்போது பபூன் வந்து உள்ளூர் மிராசுதாரைக் கேலி செய்துவிட்டுப் போவான். சம்பந்தனார் முழு நாடகத்தையே நகைச்சுவையாக எழுதினார். வாய்மையே உருவான அரிச்சந்திரனின் கதையை மேடைதோறும் கண்டு கண்ணீர் வடித்த மக்களுக்கு, பொய்யைத் தவிர வேறொன்றும் பேசாதவனைத் தலைவனாக்கிச் 'சந்திரஹரி' என்று பெயரையே தலைகீழாகப் புரட்டி ஒரு நாடகம் அளித்தார். புராணத்தைப் பகடி செய்தார் என்று இன்று அப்படி ஒரு நாடகத்தை நம் சங்க மேடையில் ஏற்றினால் எத்தனை கண்டனக் கடிதங்கள் வரும் என்று எண்ணிப் பாருங்கள்! மந்த புத்தியுள்ள ஜமீன்தார் பிள்ளை சபாபதியையும், அவனிலும் மந்தமான வேலைக்காரன் சபாபதியையும் படைத்தவரும் அவரே.

சபை நாடகங்கள் குறித்த நேரத்தில் தொடங்கின, விடியுமுன் முடிந்தன. பாட்டைக் குறைத்து உரைநடை வசனத்தைப் பெருக்கினர். சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் 1902 முதல் 1936 வரை சபை இயங்கிற்று. வழக்கறிஞர்களும் அரசாங்க உத்தியோகஸ்தர்களும் அரிதாரம் பூசிக்கொண்டனர். விடுதலைப் போராட்ட வீரர் சத்தியமூர்த்தியும் அதன் நடிகர்களுள் ஒருவர். சம்பந்தனாரே பின்னாளில் நீதிபதியாகப் பணியாற்றிக்கொண்டு நடித்தவர். கூத்தாடி என்ற சொல் வசைச்சொல்லாக வழங்கிய நாட்டில், நீதிபதி மேடையேறினார் என்பது சிறிய செய்தியன்று. சபை கடல் கடந்து இலங்கைக்கும் சென்றது. அங்குக் கலையரசு சொர்ணலிங்கம் சம்பந்தனாரைத் தம் குருவாகக் கொண்டு ஈழத்தில் நவீன மேடையை வளர்த்தார்.

சம்பந்தனாரின் புகழை இவ்வளவும் சொல்லும்போது பலர் ஓரிடத்தில் நின்றுவிடுகின்றனர். படித்தவர்கள் வந்தார்கள், நாடகம் பிழைத்தது என்று முடித்துவிடுகின்றனர். நம்மைப் போன்ற உத்தியோகஸ்தர்களுக்கு அது இனிக்கும் வரலாறு. மாதம் பிறந்தால் சம்பளம், மாலையில் ஒத்திகை, ஞாயிறன்று நாடகம். நட்டம் வந்தால் சந்தாவில் ஈடுகட்டலாம். ஆனால் நாடகமே சோறாக இருந்தவர்களின் கதை வேறு. அக்கதையும் 1891-ஐ ஒட்டியே தொடங்குகிறது என்பது காலத்தின் விந்தை.

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ஆம் ஆண்டு பிறந்தவர் சங்கரதாஸ். தந்தையார் தாமோதரக் கணக்கப்பிள்ளை இராமாயணத்தில் வல்லவர். பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்ற சங்கரதாஸ், உப்புப் பண்டகசாலையில் கணக்கராகச் சில காலம் வேலை பார்த்தார். ஆம், நம் இனத்தவர்தான். பேரேடும் கூட்டல் கழித்தலும் அறிந்தவர். தம் இருபத்து நான்காம் வயதில் அவ்வேலையைத் துறந்து நாடகத்திற்குப் போனார். நம்முள் எத்தனைபேர் அவ்வாறு செய்வோம்? எனக்கு அத்துணிவு வராது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடலாம்.

முதலில் அவர் நடிகர். எமன், சனீசுவரன் முதலிய கொடிய வேடங்களில் அவரைக் கண்டோர் நடுங்குவர். அவருடைய எமன் வேடத்தைக் கண்ட கர்ப்பிணிப் பெண்ணொருத்திக்குக் கரு கலைந்ததாகவும், அத்துயரத்தால் அவர் நடிப்பதை விட்டு ஆசிரியப் பணியை மேற்கொண்டதாகவும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்வர். பின்பு எழுதிக் குவித்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சதி சாவித்திரி, இலவகுசா எனப் பட்டியல் நீளும். 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர். வெண்பாவும் விருத்தமும் சிந்தும் வண்ணமும் கீர்த்தனையும் அந்நாடகங்களில் கைகோத்து வரும். யாப்பிலக்கணம் பிசகாத வெண்பாவை எழுத்தறியாத உழவர்கள் நள்ளிரவில் கேட்டு 'ஒன்ஸ்மோர்' கூவிய காலம் அது.

அவர் காலத்து இசையும் கலப்புத்தான். பம்பாயிலிருந்து ஊர் ஊராக வந்த பார்சி நாடகக் கம்பெனிகள் பளபளக்கும் திரைகளையும், ஆர்மோனியத்தையும், இந்துஸ்தானி மெட்டுகளையும் தென்னாட்டு மேடைக்குக் காட்டின. அதற்கு முன்பே மராட்டியக் குழுக்களைக் கண்டு தஞ்சாவூர்க் கோவிந்தசாமி ராவ் போன்றோர் திரைச்சீலை கட்டி நாடகம் நடத்தத் தொடங்கியிருந்தனர். சுவாமிகள் வடக்கத்தி மெட்டை விலக்கவில்லை. அதில் தமிழை ஏற்றினார். கருநாடக இராகத்தையும் காவடிச் சிந்தையும் அதன் பக்கத்தில் அமர்த்தினார். ஷேக்ஸ்பியரும் அவரை ஈர்த்தார். ரோமியோ ஜூலியத் கதையையும் சிம்பலைனையும் சம்பந்தனாரைப் போலவே அவரும் நாடகமாக்கினார். ஒருவர் ஆங்கிலக் கல்வி கற்றவர், மற்றவர் தண்டபாணி சுவாமிகளின் மாணாக்கர். இருவரும் ஒரே கிணற்றில் நீர் இறைத்தனர்.

'ஸ்பெஷல் நாடகம்' என்றொரு வகை அந்நாளில் பெருகிற்று. ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஒவ்வொரு நடிகரை அழைத்து, ஒத்திகை இன்றியே மேடையேற்றுவர். வள்ளியாக வருபவரும் நாரதராக வருபவரும் அன்று மாலைதான் முதன்முதல் சந்தித்திருப்பர். மேடையில் தர்க்கம் தொடங்கும். பாட்டுக்குப் பாட்டு, கேள்விக்குக் கேள்வி. கதை எங்கோ நின்றுவிடும். திறமை மிக்கவர்களின் போட்டியாக இது சுவை பயந்தது எனினும் ஒழுங்கு குலைந்தது. சிறுவர்களைச் சேர்த்துத் தொடக்கத்திலிருந்தே பயிற்றும் பாய்ஸ் கம்பெனிகளின்பால் சுவாமிகளின் மனம் திரும்பியது. 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அமைத்தார். அவ்வாண்டிலேயே டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் சேர்ந்தனர். டி.கே. சண்முகம் அப்போது ஆறு வயதுச் சிறுவர். ஆறு வயதில் வெண்பா மனப்பாடம், பாட்டு, நடை, உடை, தூக்கம் விழித்தல். பெற்றோர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவர். கம்பெனி ஓர் ஊரில் நட்டப்பட்டால் வயிறும் அவ்வூரில் நட்டப்படும். சண்முகம் 'எனது நாடக வாழ்க்கை' என்னும் தம் நூலில் அவ்வாழ்வை விரிவாக எழுதிவைத்திருக்கிறார். அந்நூலைச் சங்க நூலகங்கள் வாங்கி வைக்கவேண்டும்.

இசை நாடகத்தின் உச்சத்தை எட்டியவர்கள் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளும். ஒலிபெருக்கி வாராத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசை வரை எட்டிய குரல்கள் அவை. 1906-இல் பிறந்த கிட்டப்பா 1933 டிசம்பரில், இருபத்தேழாம் வயதில் மறைந்தார். சுந்தராம்பாள் அதற்குப்பின் வெள்ளைச் சேலை உடுத்தி வாழ்ந்தார். 1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில் ஆண் வேடமாகிய நந்தனாராக நடிக்க அவருக்கு ஒரு லட்ச ரூபாய் கொடுத்தனர். அந்நாளில் பலரும் நம்ப மறுத்த தொகை அது.

நாவல்களை மேடைக்குக் கொண்டுவந்த பெருமையும் பெரிதும் கம்பெனிகளுக்கே உரியது. ஜே.ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' போன்ற துப்பறியும் நாவல்களைக் கந்தசாமி முதலியார் பாய்ஸ் கம்பெனிகளுக்கென நாடகமாக்கிப் பயிற்றினார். முருகனும் வள்ளியும் உலவிய மேடையில் போலீஸ் இன்ஸ்பெக்டரும் வக்கீலும் வந்து நின்றனர். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா'வை டி.கே.எஸ். சகோதரர்கள் நடத்தினர், 1935-இல் அது படமாயிற்று. அதில் நடித்த என்.எஸ். கிருஷ்ணன் 1925-இல் அவர்கள் குழுவில் சேர்ந்து வளர்ந்தவர். பபூனின் இடத்தில் சிந்திக்கத் தூண்டும் நகைச்சுவையை அமர்த்தியவர் அவர்.

அச்சகோதரர்களின் மற்றொரு நாடகம் 'குமாஸ்தாவின் பெண்'. நிருபமா தேவி என்னும் வங்காள எழுத்தாளரின் நாவலைத் தழுவியது. பெண்ணைக் கட்டிக்கொடுக்க வழியின்றித் தவிக்கும் ஏழைக் குமாஸ்தாவின் குடும்பமே கதை. வங்காளத்துக் கணக்குப்பிள்ளையின் கவலை தமிழ்நாட்டுக் கணக்குப்பிள்ளையின் கவலையாக மாற ஒரு மாற்றமும் தேவைப்படவில்லை. 1941-இல் அது திரைப்படமும் ஆயிற்று. இரவல் கதை என்று அதனை அன்று யாரும் தள்ளவில்லை. தம் வீட்டுக் கதை என்றே அழுதனர்.

பிற்காலத்துச் சபா நாடகங்களுக்கு வருவோம். இவற்றைப்பற்றி நம்மவர் நன்கறிவர், விரித்துரைக்க வேண்டியதில்லை. கே. பாலசந்தர் சென்னை அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் பணியாற்றிக்கொண்டே 'மேஜர் சந்திரகாந்த்', 'எதிர்நீச்சல்' முதலியவற்றை மேடையேற்றினார். நாகேஷ் ரயில்வே குமாஸ்தா. பூர்ணம் விசுவநாதன் தில்லி வானொலி நிலையத்தில் செய்தி வாசித்துக்கொண்டு இங்கேயே நாடகம் வளர்த்தவர். 1968-இல் சோ 'முகமது பின் துக்ளக்'கை நடத்தியபோது அரசியல்வாதிகளே அரங்கில் அமர்ந்து தம்மைக் கண்டு நெளிந்தனர். 1999-இல் மாஜிக் லான்டர்ன் குழுவினர் கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைச் சென்னையில் திறந்தவெளியில் நாடகமாக்கியபோது, ஐந்து பாக நாவலைப் படிக்கப் பொறுமையில்லாத இளைஞர்களும் கூட்டம் கூட்டமாக வந்து அமர்ந்தனர்.

இங்கு நம் பிள்ளைகளைப்பற்றி ஒரு சொல். இந்நகரங்களில் பிறந்து வளர்ந்த நம் மக்களுள் பலர் தமிழ் பேசுவர், படிக்க இடர்ப்படுவர். அவர்களுக்குத் தமிழ் செவி வழியே வந்தாக வேண்டும். வீட்டில் கேட்கும் தமிழ், 'சாப்பிட்டாயா, படித்தாயா' என்ற அளவில் நின்றுவிடுகிறது. சிலேடையும், இரட்டுற மொழிதலும், ஒருவரை ஒருவர் மடக்கும் சொல்வீச்சும் அவர்கள் காதில் விழும் இடம் நாடக அரங்கு ஒன்றுதான். சிலேடை புரிந்து ஒரு குழந்தை சிரித்ததென்றால் அதற்குத் தமிழ் புரிந்துவிட்டது. துணுக்குத் தோரணம் என்று இகழப்படும் நாடகத்தை ஆதரித்து நான் பேசுவது அதனால்தான். எனினும் அதிலேயே நின்றுவிடக் கூடாது. மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளில் கோயில் திருவிழாக்களில் சுவாமிகளின் வள்ளி திருமணம் இன்றும் இரவு முழுதும் நடக்கிறது. அக்கலைஞர்களை இங்கு வரவழைத்து, நம் வசதிக்கு மூன்று மணி நேரத்தில் சுருக்கியேனும் நடத்தவேண்டும். சென்னைச் சபாக் குழுவிற்கு நாம் அளிக்கும் பயணப்படியும் தங்குமிடமும் அவர்களுக்கும் குறைவின்றி அளிக்கவேண்டும். இது அடுத்த செயற்குழுவின் முன் நான் வைக்க விரும்பும் வேண்டுகோள்.

சங்கரதாஸ் சுவாமிகள் இறுதிக் காலத்தில் வாத நோயால் பேச்சிழந்தார். ஆயிரக்கணக்கான பாடல்களை இயற்றிய நாவு அசையாமல் இருந்தது. 1922 நவம்பரில் புதுச்சேரியில் மறைந்தார். அங்கேயே கருவடிக்குப்பத்தில் அடக்கமானார். சம்பந்த முதலியார் தொண்ணூறு வயதைக் கடந்து வாழ்ந்து, 1959-இல் பத்மபூஷண் பெற்று, 1964-இல் காலமானார். அவருடைய 'மனோகரா'வைப் பாய்ஸ் கம்பெனிகள் பல ஊர் ஊராக நடத்தின. கம்பெனியில் வளர்ந்த சிவாஜி கணேசன் 1954-இல் திரையில் மனோகரனாகக் கர்ஜித்தார். 'சபாபதி'யை 1941-இல் ஏ.வி. மெய்யப்பன் படமாக்கியபோது எஜமான் சபாபதியாக டி.ஆர். ராமச்சந்திரனும், வேலைக்காரன் சபாபதியாகக் காளி என். ரத்தினமும் நடித்தனர். இருவரும் நாடகக் கம்பெனிகளில் உருவானவர்கள், காளி என். ரத்தினம் பாய்ஸ் கம்பெனியில் சிறுவர்களுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்த வாத்தியார். படித்த சீமான்களின் சபைக்கென எழுதப்பட்ட அந்நகைச்சுவையைத் தமிழ் வழங்கும் ஊர்களிலெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது, படிக்க வாய்ப்பில்லாமல் கம்பெனியில் வளர்ந்த அவ்விருவரின் முகமும் குரலுமே.